“அப்பாவோடு என் மகனை அனுப்ப மனம் வரவில்லை, டாக்டர்”

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“என் அப்பாவுக்கு வயது 72. 45 வருடமாகக் கார் ஓட்டுகிறார். ஒரு தடவைகூட அபராதம் கட்டியதில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஆரம்பக்கட்ட அல்சைமர் என்று சொன்னார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கார் ஓட்டுவது பற்றி மருத்துவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன மாதம் காரின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. எங்கே இடித்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் போய்வரக்கூடிய இடத்துக்குப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கேட்டால் ‘டிராஃபிக்’ என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ‘சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க’, ‘இங்க திரும்பணும்’ என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போகிறார். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. தூரத்தில் இருக்கும் அண்ணன், ‘காரைப் பிடுங்கிட்டா அப்பா படுத்துடுவார், போகட்டும் விடு’ என்கிறார். என் ஏழு வயது மகனை நான் மூன்று மாதமாக அவரோடு காரில் அனுப்பவில்லை. வீட்டுப்பாடம், சளி, தூக்கம் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நோய் என்று தெரிந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டுமா? சாவியை ஒளித்து வைக்கலாமா? அப்படிச் செய்தால் அது துரோகமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணாடி உடைந்தது, வழி தவறியது எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தேன். கடைசியில், வெட்கத்தோடு சேர்த்தது போல, மகனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். மூன்று மாதமாக உங்களுக்குப் பதில் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை.

அந்தத் தயக்கத்தை வெறும் பயம் என்று ஒதுக்காதீர்கள். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் (அல்சைமர் அதில் ஒரு வகை) உள்ளவர்கள் வண்டி ஓட்டுவது குறித்து அமெரிக்க நரம்பியல் அகாடமி 2010-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் அதில் பார்த்திருக்கிறார்கள். கூடவே இருந்து கவனிப்பவர் “இவர் ஓட்டுவது சரியில்லை, பயமாக இருக்கிறது” என்று சொன்னால், மருத்துவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளி தன்னைப் பற்றி “நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்” என்று சொல்வதை வைத்து அவர் பாதுகாப்பாக ஓட்டுகிறார் என்று முடிவு செய்ய முடியாது. என் அனுபவமும் அப்படித்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்வந்த மனைவியோ மகளோ சொல்லும் இரண்டு வாக்கியம், என் அறையில் நான் அரை மணி நேரம் செய்யும் பரிசோதனையைவிட எத்தனையோ முறை உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அப்பா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தனக்கு வந்திருக்கும் குறை தனக்கே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. “டிராஃபிக்” என்று அவர் சொன்னபோது அவர் உங்களை ஏமாற்றவில்லை. நடுவில் விடுபட்டுப்போன ஐம்பது நிமிடத்துக்கு அவருடைய மூளை தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவரும் அதைத்தான் நம்புகிறார். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். “உங்களுக்கு ஓட்ட வரவில்லை என்று நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள்” என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

நோய் என்று தெரிந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. அதே வழிகாட்டுதல் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், லேசான டிமென்ஷியா உள்ளவர்களில் 76 சதவீதம் பேர் வரை சாலையில் வைத்து நடத்திய ஓட்டுத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவர் கையிலிருந்து சாவியை வாங்குவது நியாயமில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு உங்கள் அப்பா அந்தத் தேறியவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் இன்று தேறுபவர் அடுத்த வருடமும் தேறுவார் என்பதற்கு இந்த நோயில் உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் ஓட்டலாம் என்று சொன்னவரையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். நோய் நடுத்தரக் கட்டத்துக்குப் போய்விட்டால் பேச்சுக்கே இடமில்லை, யாரும் ஓட்டக் கூடாது. உங்களுக்கு நோயின் பெயரைச் சொன்ன அன்றே, “இன்றைக்கு ஓட்டலாம், ஆனால் ஒரு நாள் நிறுத்த வேண்டிவரும், அதை இப்போதே பேசி வைத்துக்கொள்வோம்” என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லாதது உங்கள் தவறு இல்லை.

எந்த வகை மறதி நோய் என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அல்சைமர். இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில் வேறு வகை இருக்கலாம். லூயி பாடி என்ற வகையில் ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பவர் அடுத்த மணி நேரம் மங்கிப்போவார், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஞாபகம் நன்றாகவே இருக்கும், ஆனால் பொறுமையும் விதியை மதிக்கும் எண்ணமும் முதலில் போய்விடும். சிவப்பு விளக்கு தெரிந்தும் நிற்கமாட்டார். இந்த இரண்டு வகையிலும் “ஞாபகம் நல்லாத்தானே இருக்கு” என்று காத்திருப்பது ஆபத்து. நான் சீக்கிரமே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

இனி உங்கள் அண்ணனும், அநேகமாக அப்பாவும், சொல்லப்போகும் வாதத்துக்கு வருகிறேன். “45 வருடம் ஓட்டிய கை.” அது உண்மை. அந்த உண்மைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் உடம்பில் ஊறிய பழக்கம். நேற்றுப் பேசியதை மறக்கிற மூளையும் இந்தப் பழக்கத்தை நெடுநாள் விடாமல் வைத்திருக்கும், ஏனென்றால் அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் அது பதிந்திருக்கவில்லை. அதனால் தெரிந்த சாலையில், வெயில் அடிக்கும் காலையில், எதுவும் குறுக்கே வராத வரைக்கும் அவர் அழகாக ஓட்டுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் குறை தெரியாது.

குறுக்கே ஒன்று வரும்போது வேறு திறமைகள் தேவைப்படுகின்றன. நான்கு பக்கமும் நடப்பதை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும், தேவையில்லாததைத் தள்ள வேண்டும், எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் எந்த வேகத்தில் வருகிறது என்று கணிக்க வேண்டும், நினைத்ததை அந்த நொடியிலேயே மாற்ற வேண்டும். நோய் சீக்கிரம் கைவைப்பது இவற்றில்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பந்தைத் துரத்தி ஒரு குழந்தை சாலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து, குழந்தை என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரே ஒரு வினாடி கூடுதலாக ஆனால், அந்த 17 மீட்டரும் பிரேக் இல்லாமலே கடந்துபோகும். 45 வருட அனுபவத்தால் அந்த வினாடியைத் திரும்ப வாங்க முடியாது.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் பணிக்காலம் முழுவதும் பேருந்து ஓட்டியவர். வாழ்க்கையில் என்ன மறந்தாலும் ஸ்டியரிங்கை மறக்கமாட்டேன் என்றார். அதில் உண்மை இருந்தது. தேர்வாளரோடு காரில் போனபோது முதல் இருபது நிமிடம் ஒரு பிழையும் இல்லை. பிறகு வழக்கமான சாலையில் பள்ளம் தோண்டி, மாற்றுப்பாதைப் பலகை வைத்திருந்த இடம் வந்தது. அவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் தேர்வாளர்தான் வண்டியை ஓரம்கட்டினார்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னவற்றில் என்னை அதிகம் உறுத்துவது உடைந்த கண்ணாடி இல்லை. கண்ணாடி யாருக்கும் உடையும். இடித்ததே தெரியவில்லை என்பதுதான் கவலை. வழி தவறியதும் கவலைதான். அதைவிடப் பெரியது அம்மா. “சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க” என்று ஒருவர் சொல்லித்தான் கார் நிற்கிறது என்றால், காரை இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஒருவருக்குக் கண்ணும் கவனமும் இருக்கிறது, பிரேக் இல்லை. இன்னொருவருக்குப் பிரேக் இருக்கிறது, கவனம் இல்லை. வழி சொல்வது வேறு, அதை எல்லோரும் செய்வோம். சிக்னலையும், குறுக்கே வரும் ஆளையும் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டால் ஓட்டும் காலம் முடிந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அம்மா பார்த்து, வாயால் சொல்லி, அப்பா காதால் கேட்டு, புரிந்து, காலை நகர்த்துவதற்குள் எத்தனை வினாடி போகும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதனால் என் யோசனையை நேராகச் சொல்லிவிடுகிறேன். முறையான பரிசோதனை முடியும் வரை அப்பா ஓட்ட வேண்டாம். பரிசோதனையில் தேறினால் திரும்ப ஓட்டட்டும். இன்று முதல் அதுவரை வேண்டாம். உங்கள் மகனுக்கு ஆகாத கார் உங்கள் அம்மாவுக்கும் ஆகாது. சாலையைக் கடக்கும் அடுத்தவர் பிள்ளைக்கும் ஆகாது.

பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போனால் உங்களுக்கு உதவும். முதலில் சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை, பக்கவாட்டுப் பார்வை, காது, தூக்கத்தில் மூச்சுத்திணறல், தைராய்டு, வைட்டமின் பி12. பிறகு, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், சில சிறுநீர்ப்பை மாத்திரைகள் எல்லாம் மறதி உள்ள மூளையை இன்னும் மந்தமாக்கும். ஒரு மாத்திரையை நிறுத்தியதும் நன்றாகத் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மனத்திறன் சோதனைகள். 30 மதிப்பெண்ணுக்கு நடத்தும் கேள்வித்தாள், கடிகாரம் வரையச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கச் சொல்வது. இந்தக் கடைசிச் சோதனை, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேகத்தைக் காட்டுகிறது. அதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் நாங்கள் கவலைப்பட ஆரம்பிப்போம். 30-க்கு 24 அல்லது அதற்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். ஆனால் மதிப்பெண்ணை வைத்து மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 27 வாங்கியவர் சிக்னலில் நிற்காமல் போவதும், 23 வாங்கியவர் ஒழுங்காக ஓட்டுவதும் உண்டு. படித்தவர்களுக்கு இந்தக் கேள்வித்தாள் சலுகை காட்டும், படிக்காதவர்களைத் தண்டிக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் சாலைத் தேர்வுதான் வழி. இதற்கென்று பயிற்சி பெற்ற தொழில்வழி சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), இரட்டைப் பிரேக் உள்ள காரில் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். அந்த வசதி கிட்டாத இடங்களில், இரட்டைப் பிரேக் உள்ள காரோடு வரும் அனுபவமுள்ள ஓட்டுநர் பயிற்சியாளரை மருத்துவரின் குறிப்போடு அணுகலாம். தெரிந்த சாலையில் மட்டும் சுற்றிவரச் சொல்லாதீர்கள். எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டிய ஒரு சந்திப்பு அந்த வழியில் கட்டாயம் இருக்க வேண்டும். வயதானவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் டிமென்ஷியா என்று தெரிந்ததும் ஓட்டுநர் உரிம அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓட்டலாம் என்று முடிவானாலும் ஒரு வருடத்துக்கு மட்டும் உரிமம் கொடுத்துத் திரும்பப் பரிசீலிப்பார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் மருத்துவரே அரசுக்கு அறிக்கை தர வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை உங்கள் மருத்துவரிடமும், காரின் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயை மறைத்து ஓட்டியபோது விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் வருவது சிக்கலாகலாம். வழக்கு வந்தால் “உங்களுக்குத் தெரியாதா?” என்ற கேள்வி குடும்பத்தைப் பார்த்துத்தான் வரும்.

“நெடுஞ்சாலை வேண்டாம், வீட்டைச் சுற்றி மட்டும் ஓட்டட்டும்” என்ற சமரசத்தை உங்கள் அண்ணன் சொல்லக்கூடும். நல்லெண்ணத்தோடு எல்லாக் குடும்பமும் இதைச் சொல்கிறது. ஆரம்பத்தில், தேர்வில் தேறியவருக்கு, இரவும் மழையும் நெரிசலும் வேண்டாம் என்று கட்டுப்படுத்துவது சரிதான். தேர்வே வைக்காமல், பயம் வந்த பிறகு இந்தச் சமரசத்துக்குப் போவது தப்பு. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போதுதான் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது நடக்கிறது. வழிகாட்டும் செயலியும் இதற்குத் தீர்வாகாது. வழி மறந்ததற்கு அது உதவும், குறுக்கே வருபவரை அது பார்க்காது. அது பேசப் பேச அவருடைய கவனம் இன்னும் சிதறத்தான் செய்யும்.

நானும் ஒரு முறை இப்படிச் சமரசம் செய்திருக்கிறேன். பணிக்குச் சேர்ந்த தொடக்கத்தில், உங்கள் அப்பா வயதுள்ள ஒருவருக்கு, அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல், “பார்த்து ஓட்டுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. சில வாரங்களில் அவர் ஒரு மிதிவண்டிக்காரரை இடித்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் முறிந்தது. பார்த்து ஓட்டும் திறன் போய்விட்டவரிடம் பார்த்து ஓட்டச் சொன்னேன் என்பது இன்றும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அப்பாவிடம் யார் சொல்வது? நீங்கள் வேண்டாம். அம்மாவும் வேண்டாம். மருத்துவர் சொல்லட்டும். அது எங்கள் வேலை. அவர் கோபம் எங்கள்மேல் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் மகள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஆறுதல் வர வேண்டும். சந்திப்புக்கு முன்பே மருத்துவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கண்ணாடி, ஒரு மணி நேரம், அம்மா சொல்லும் வார்த்தைகள், தேதியோடு. அப்பாவின் முன்னால் இவற்றை அடுக்கினால் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல உணர்வார், பிறகு எதையும் கேட்கமாட்டார். முடிவை மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். “உடல்நிலை காரணமாக வாகனம் ஓட்டக் கூடாது” என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து. அவர் மறந்துவிட்டுத் திரும்பக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. அந்தத் தாளை எடுத்துக்காட்டி, “டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கார்ப்பா, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு” என்று சொன்னால் போதும். “உங்களுக்கு ஓட்டத் தெரியல” என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. அவருக்கு ஓட்டத் தெரியும். நோய் விடவில்லை.

அவர் அழலாம். அழ விடுங்கள். “கார்தானே, போனால் போகிறது” என்று சொல்லாதீர்கள். அண்ணன் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான ஒரு கட்டுரை சொல்கிறது. “அப்பா படுத்துடுவார்” என்று அண்ணன் சொல்வது வெறும் சாக்கு இல்லை. ஆனால் அவரைப் படுக்க வைப்பது கார் இல்லாதது மட்டும் இல்லை. கார் இருந்தபோது போன இடங்களுக்குப் போக முடியாமல் போவதும், ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கேட்டு நிற்க வேண்டியிருப்பதும்தான்.

அதனால் நிறுத்தும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், அப்பா எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார் என்று எழுதுங்கள். நண்பரைப் பார்க்கவா, சாமான் வாங்கவா, சும்மா ஒரு சுற்றுப் போய்வரவா? சாமானை யாரும் வாங்கிவரலாம். நண்பரைப் பார்க்கப் போவதை யாரும் அவருக்காகச் செய்ய முடியாது, அதற்கு அவர் போகவே வேண்டும். அந்த நாளும் நேரமும் மாறாமல் ஒரு வண்டி வாசலில் நிற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவர் கேட்டு அது வரக் கூடாது, தானாக வர வேண்டும். கேட்க வேண்டியிருந்தால் அவர் கேட்கமாட்டார், வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு சுற்றுப் போய்வருவதற்கும் காரணம் இருக்கிறது என்று மதியுங்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். காருக்கு ஆகும் எரிபொருள், பழுது, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப்பார்த்தால், வாடகை வண்டிக்கு அந்தப் பணமே பெரும்பாலும் ஈடுகட்டும். அந்தக் கணக்கை அப்பாவையே போடச் சொல்லலாம். ஆரம்பக்கட்டத்தில் இருக்கிறார், முடியும். தானே போட்ட கணக்கு அவருக்குக் கொஞ்சம் மரியாதையைத் திருப்பித் தரும்.

நான் சொன்ன பேருந்து ஓட்டுநர் இப்போது மகன் ஓட்டும் காரில் முன் இருக்கையில் உட்காருகிறார். கிளம்பும் முன் நான்கு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. அவர் தட்டிப் பார்க்காமல் கார் கிளம்பக் கூடாது என்பது அந்த வீட்டு விதி.

இனி சாவியை ஒளிப்பது. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. அப்பாவுக்கு இன்னும் பேசினால் புரிகிறது. புரியும் ஒருவரிடம் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒளித்தால் அவர் நாள் முழுக்கச் சாவியைத் தேடுவார், தன் மறதியால்தான் தொலைந்தது என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வார். அந்தத் துன்பத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவதும் வெகுநாள் பலிக்காது. காரைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார்.

ஆனால், எழுதிக்காட்டியும் ஞாபகத்தில் நிற்காமல், ஒவ்வொரு காலையும் சாவியோடு கிளம்பும் நிலை வந்தால் விஷயம் வேறு. அப்போது ஒவ்வொரு நாளும் “ஓட்டக் கூடாது” என்று சொல்வது ஒவ்வொரு நாளும் அவருக்கு முதல் முறையாக அந்தச் செய்தியைச் சொல்வதாகும். அதைவிடக் காரைக் கண்ணில் படாமல் வேறு இடத்தில் நிறுத்துவதோ, விற்றுவிடுவதோ மேல். கண்ணில் படாத கார் சீக்கிரம் பேச்சிலிருந்தும் போய்விடும். வீட்டில் இரு சக்கர வாகனம் இருந்தால் அதையும் சேர்த்தே யோசியுங்கள். காரை நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. நீங்கள் துரோகமா என்று கேட்டீர்கள். அப்பா தெளிவாக இருக்கும் இந்த மாதங்களிலேயே, “ஓட்ட முடியாத நிலை வந்தால் என் மகள் காரை எடுத்துவிடலாம்” என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பின்னாளில் நீங்கள் காரை அப்புறப்படுத்தும்போது அவர் சொன்னதைத்தான் செய்கிறீர்கள்.

அண்ணனோடு தொலைபேசியில் வாதாடாதீர்கள். அல்சைமர் உள்ளவர்கள் பத்து நிமிடம் பேசும்போது நன்றாகவே பேசுவார்கள். நலம் விசாரிப்பார்கள், சிரிப்பார்கள், பழைய கதை சொல்வார்கள். தொலைபேசியில் அண்ணன் கேட்கும் அப்பாவும் உண்மையான அப்பாதான், ஆனால் முழு அப்பா இல்லை. அண்ணனும் மருத்துவரின் சந்திப்புக்கு வரட்டும். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது இருக்கட்டும். வந்துபோக முடிகிறவர் என்றால் இரட்டைப் பிரேக் காரில் அந்தச் சாலைத் தேர்வு நடக்கும்போது பின் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அநேகமாக நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, அம்மா. அவரிடம் இந்த வாரமே தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் காலைத் தரையில் அழுத்திக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடி, கணவரின் மானம் போகக் கூடாதே என்று வாயால் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். நீங்கள் மகனைப் பற்றி என்னிடம் சொன்னது போல, அவரும் இதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். நீங்களே முதலில் சொல்லுங்கள், “எனக்கும் பயமா இருக்கும்மா, மூணு மாசமா பையனை அனுப்பல” என்று. பிறகு அவர் பேசட்டும். மருத்துவருக்கு எழுதப்போகும் அந்த ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் அவர் சொல்வதாகவே இருக்கும்.